சந்து முனையில் நின்ற மோட்டார் சைக்கிள்

அத்தியாயம் ஒன்பது

சொர்ணத்தம்மாள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அதை அசைக்க ஆளில்லை. பனகல் பார்க்குக்குப் பக்கத்தில் இருக்கும் அவள் ஜவுளிக்கடையில் ஒரு தரமாவது துணி எடுத்தவர்களுக்கு இது தெரியும். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இன்னும் நன்றாகத் தெரியும்.

இப்போது அவள் வந்திருக்கும் முடிவு, மயிலாப்பூர் சம்பந்தம் வேண்டாம் என்பது.

நூல் வியாபாரியின் மகள் சீதாவை அவளுக்குப் பிடிக்காமல் இல்லை. பெண் பார்த்துவிட்டு வந்த அன்று, மூக்கும் முழியுமாக என்ன லட்சணம் என்று வாய் ஓயாமல் சொன்னவளும் அவள்தான். மகன் பொன்ராஜைக் கேட்கவே வேண்டாம். சீதா தன் அப்பாவோடு கடைக்கு வந்து, ஒரு மணி நேரம் சேலைகளைப் புரட்டிப் போட்டுவிட்டு ஒன்றும் எடுக்காமல் போன நாளிலிருந்தே அவன் ஒரு மாதிரியாகத்தான் இருந்தான். பெண் வீட்டாருக்கும் சம்மதம். இப்படி எல்லாம் கூடி வந்த கல்யாணத்தைக் கெடுத்தது ஒரு மோட்டார் சைக்கிள்.

யுத்தம் முடிந்ததும் ராணுவத்தார் ஏலத்தில் தள்ளிவிட்ட வண்டி அது. பொன்ராஜ் அதற்குக் கறுப்புச் சாயம் அடித்திருந்தாலும், உரசிய இடங்களில் பழைய பச்சை எட்டிப் பார்க்கும். பெட்ரோல் கூப்பன் கிடைத்த வாரமெல்லாம் தியாகராய நகரை இரண்டு சுற்றுச் சுற்றாமல் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

மாப்பிள்ளை ஒரு நாள் சாப்பிட வரட்டும் என்று மயிலாப்பூரிலிருந்து மூன்று தரம் அழைப்பு வந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமையும் பொன்ராஜ் தலையைப் படிய வாரிக்கொண்டு, சலவை வேட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டான். தேனாம்பேட்டை, லஸ், குளக்கரை எல்லாம் சுகமாகத் தாண்டிய வண்டி, சீதாவின் வீட்டுச் சந்துக்குள் திரும்புகிற இடத்தில் நின்றது. மூன்று தரமும் அதே முனை. தடங்கல் வந்தால் திரும்பிவிட வேண்டும் என்பது அவன் வீட்டு வழக்கம். திருப்பி வைத்து உதைத்தால், ஒரே உதையில் வண்டி வீட்டைப் பார்க்க ஓடியது.

மூன்றாவது தரம், போன ஞாயிறு. அன்றைக்கே சொர்ணத்தம்மாள் சொல்லிவிட்டாள். மூன்று தடவை சாத்தின கதவை நாலாவது தடவை தட்டப்படாது. இன்று வியாழக்கிழமை. ராகு காலம் மூன்று மணிக்கு முடிகிறது. நாலு மணிக்குக் கடையாள் கபாலி மயிலாப்பூருக்குப் போய், பெரிய மனுஷத்தனமாக ஏதோ ஒரு காரணம் சொல்லி, இந்தப் பேச்சை முடித்துவிட்டு வரவேண்டும்.

இதற்குக் குறுக்கே நின்றது ஒரே ஒரு ஆள். பொன்ராஜின் அக்கா சுந்தரவல்லி.

சுந்தரவல்லிக்கு இருபத்தெட்டு வயது. கடைக்கு வரும் துணியைப் பிரித்துப் பழுது இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. சர்க்கார் பங்கீட்டில் வரும் கன்ட்ரோல் துணியில் கள்ளத்தனமாகச் செருகி வரும் ஓட்டைப் பீஸ் எதுவும் அவள் விரலுக்குத் தப்பாது. அவளிடம் இருந்த கெட்ட பழக்கம், எதற்கும் ஏன் என்று கேட்பது. குழாயில் தண்ணீர் ஏன் காலையில் மட்டும் வருகிறது என்று கார்ப்பரேஷன் ஆளை வாசலில் நிறுத்தி வைத்துக் கேட்டவள் அவள். அவர் அடுத்த மாதத்திலிருந்து அந்தத் தெருவுக்கு வேறு ஆளை அனுப்பிவிட்டார்.

கேட்டுப் பதில் கிடைக்காத கேள்வி ஒன்றும் அவளிடம் உண்டு. புருஷன் ரங்கூனில் மரக்கிடங்கு வேலைக்கென்று கப்பலேறி ஐந்து வருஷமாகிறது. குண்டு விழுந்த பிறகு கடிதம் நின்றது. யுத்தம் முடிந்து தபால் மறுபடி வரத் தொடங்கியும் அவளுக்கு வரவில்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

காலையில் அம்மா பூஜை முடித்து வந்ததும் சுந்தரவல்லி ஆரம்பித்தாள்.

"சகுனம்னே வச்சுக்கிடுவோம்மா. போகப்படாதுன்னு நிறுத்துன சாமி, திரும்பி வரும்போது மட்டும் ஏன் ஒரே உதையில ஓட விடுது? நடந்தே வீட்டுக்குப் போலேன்னு விட்டிருக்கலாம்லா."

"சாமிக்கு என் பிள்ளை மேல இரக்கம் உண்டு" என்றாள் சொர்ணத்தம்மாள்.

இந்தப் பதிலுக்குச் சிரிப்பதா அழுவதா என்று சுந்தரவல்லிக்குத் தெரியவில்லை. ஆனாலும் விடவில்லை. வண்டியில் கோளாறு இருந்தால் அது சகுனத்தில் சேராது, கோளாறு இல்லை என்று தெரிந்துவிட்டால் தானே கபாலிக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்து அனுப்புகிறேன் என்று அம்மாவை மடக்கினாள். கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்த சொர்ணத்தம்மாள், நாலு மணி வரைக்கும் என்னத்தையும் நோண்டு, நாலு அடித்தால் கபாலி கிளம்பிவிடுவான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பதினோரு மணிக்கு ராயப்பேட்டையிலிருந்து ஷரஃபுதீன் வந்தார்.

ஷரஃபுதீன் மோட்டார் வயரிங் வேலையில் கை தேர்ந்தவர். யுத்த காலத்தில் ராணுவ லாரிகளுக்கு ராப்பகலாக வயர் இழுத்தவர். அப்படிப்பட்டவர் இந்த வண்டியை இரண்டு தரம் தம் பட்டறையில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று திருப்பிக் கொடுத்திருந்தார். மூன்றாம் தரமும் அது அதே முனையில் நின்றது என்று கேட்டதிலிருந்து அவருக்கு நிம்மதி இல்லை. நோய் நோயாளிக்கா வைத்தியருக்கா என்று அவர் மனைவி அஃப்சருன்னிசா வேறு சாப்பாட்டு நேரத்தில் கேட்டுவிட்டாளாம். அதையும் அவரே சொல்லிச் சிரித்தார். சிரிப்பில் அவ்வளவாக உயிர் இல்லை.

"ப்ளக்கு மாத்தியாச்சு, பாயிண்ட்டு சுத்தம் பண்ணியாச்சு. என் பட்டறைல ஒரு மணி நேரம் ஓடிக்கினே இருந்திச்சும்மா. இங்கயும் ஓடும் பாருங்க" என்றார்.

சொன்னபடியே ஓடியது. கொல்லைப்புறத்தில் ஸ்டாண்டில் நின்றபடி வண்டி டுப்டுப்பென்று ஓட, பக்கத்து வீட்டுக் கோழிகள் சுவரேறிப் போயின. பொன்ராஜ் வண்டியைப் பெருமையாகப் பார்ப்பதா வருத்தமாகப் பார்ப்பதா என்று புரியாமல் நின்றான்.

சுந்தரவல்லி உள்ளே போய்க் கோலப்பொடி டப்பாவை எடுத்து வந்தாள்.

"ஏல பொன்ராசு, அந்தச் சந்தைப் போடு."

"என்னது?"

"நீ வர்ற ரோடு, திரும்புற முனை, அவுக வீடு. எல்லாத்தையும் தரையில போடு. எந்த இடத்துல நின்னுச்சுன்னு காட்டு."

பொன்ராஜுக்குக் கோலம் போட்டுப் பழக்கமில்லை. ஆனாலும் போட்டான். குளத்துப் பக்கமிருந்து வரும் தெரு. இடது கைப்பக்கம் பிரியும் குறுகலான சந்து. முனையில் ஒரு விளக்குக் கம்பம். கம்பத்தை ஒட்டி அடிபம்பு. இரண்டுக்கும் இடையில் வண்டியை ஒடித்துத் திருப்பினால்தான் உள்ளே போக முடியும். அந்த ஒடிப்பில்தான் நிற்கிறது என்று விரலை வைத்தான்.

மற்ற இடங்களில் இடது பக்கம் திரும்புவதே இல்லையா என்று அவள் கேட்டாள். திரும்புவேன், ஆனால் ரோட்டில் உடம்பைச் சாய்த்தாலே வண்டி திரும்பிவிடும், இப்படி ஹேண்டில்பாரைக் கடைசி வரைக்கும் ஒடிப்பது அந்த ஒரு இடத்தில்தான் என்றான் பொன்ராஜ்.

சுந்தரவல்லி ஷரஃபுதீனைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார்.

"பாய், மடிப்புல இருக்கும்போது சேலையில கிழிசல் தெரியாது. கட்டிப் பாத்தாத்தான் தெரியும். நீங்க ரெண்டு தடவையும் வண்டியை மடிச்சு வச்சே பாத்திருக்கீக."

ஷரஃபுதீன் வண்டியை நெருங்கினார். ஓடிக்கொண்டிருந்த வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்து, முதலில் வலது பக்கம் கடைசி வரைக்கும் திருப்பினார். வண்டி ஓடியது. நடுவுக்குக் கொண்டுவந்தார். ஓடியது. மெதுவாக இடது பக்கம் திருப்பினார். பாதி, முக்கால், அதற்கு மேல் ஹேண்டில்பார் போகாத கடைசி இடி.

டுப் என்று நின்றது.

ஹேண்டில்பாரை நேராக்கி ஒரு உதை விட்டார். ஓடியது. மறுபடி இடது பக்கம் ஒடித்தார். நின்றது.

பொன்ராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தது அவன் போட்ட சந்தின் மேல்.

சுந்தரவல்லிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தம்பி கல்யாணத்துக்காக வந்த சந்தோஷம் பாதிதான். சாமிக்கு வலது இடது என்று பட்சபாதம் இருக்க முடியாது, இரும்புக்குத்தான் இருக்க முடியும் என்று புரிந்துபோன சந்தோஷம் மீதிப் பாதி. ஏன் இடது பக்கம் மட்டும் என்று அடுத்த கேள்வியைப் போட்டாள்.

ஷரஃபுதீன் இப்போது வேறு ஆளாகிவிட்டார். தலைக்குல்லாயைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு விளக்கினார். இந்த வண்டியின் உயிர் என்ஜின் பக்கத்தில் இருக்கும் மேக்னெட்டோவில் இருக்கிறது. நெருப்புப் பொறி அங்கேதான் பிறக்கிறது. அதிலிருந்து ஒரு சின்ன வயர், முன்பக்கம் ஏறி, விளக்குக்கு அடியில் போய், ஹேண்டில்பாரில் உள்ள பட்டனில் முடிகிறது. பட்டனை அமுக்கினால் அந்த வயர் வண்டியின் இரும்பைத் தொடும். தொட்டால் பொறி பிறக்காது, வண்டி நிற்கும். வேண்டும்போது வண்டியை நிறுத்துவதற்காக வைத்த ஏற்பாடு அது.

"பட்டனை அமுக்காமயே அந்த வயரு எங்கியோ இரும்பைத் தொட்டா?"

"அப்பவும் நிக்கும்மா. அதான் நடக்குதுன்னு நினைக்கிறேன். நினைக்கிறது போதாது, பார்க்கணும்."

பார்த்தார். மேக்னெட்டோவின் பக்கம் அந்த வயரைக் கழற்றிவிட்டு வண்டியை ஓடவிட்டு, இடது பக்கம் ஒடித்தார். நிற்கவில்லை. ஆக, குற்றவாளி அந்த வயர்தான். பெட்ரோல் குழாயை மூடி வண்டியை அடக்கிவிட்டு, பையிலிருந்து ஒரு டார்ச் செல்லையும் சின்ன பல்பையும் எடுத்தார். ஒரு முனையை அந்த வயரிலும் இன்னொரு முனையை வண்டியின் இரும்பிலும் பொருத்தினார். வயர் எங்காவது இரும்பைத் தொட்டால் பல்பு எரியும். ஹேண்டில்பாரைத் திருப்ப ஆள் வேண்டும் என்றார். பொன்ராஜ் எழுந்திருப்பதற்குள் சுந்தரவல்லி பிடித்துவிட்டாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் ஒரு மோட்டார் சைக்கிளைத் தொடுகிறாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. இடது பக்கம் திருப்பிக்கொண்டே போனாள். கடைசி விரற்கடையில் பல்பு எரிந்தது. கொஞ்சம் விட்டால் அணைந்தது. எரிய வைத்தாள், அணைத்தாள், மறுபடி எரிய வைத்தாள். பன்னிரண்டு தடவையாவது இருக்கும். போதும்மா, செல்லு தீந்துடும் என்று ஷரஃபுதீன் கெஞ்சிய பிறகுதான் விட்டாள்.

விளக்கைக் கழற்றி, அதன் பின்னால் கையை விட்டு ஒவ்வொரு வயராகத் தடவிக்கொண்டே வந்தார் ஷரஃபுதீன். அங்கே எண்ணெயும் தூசியும் படிந்து கறுத்துப்போன ஒரு முடிச்சு இருந்தது. அதை இரண்டு தரமும் பார்த்திருந்தாராம். வயர்களை ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்க ராணுவத்தில் கட்டிய கட்டு என்று நினைத்துக் கை வைக்காமல் விட்டிருந்தார்.

இப்போது மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்துப் பார்த்தார். செப்புக் கம்பி. முன் போல்ட்டு ஒன்றைச் சுற்றி, அங்கிருந்து வயர்களையும் சேர்த்துச் சுற்றி, இறுக முறுக்கியிருந்தது. வண்டியை இடது பக்கம் ஒடிக்கும்போதெல்லாம் வயர்கள் இழுபட்டு அந்தக் கம்பியில் உரசி, ரப்பர் அறுந்து உள்ளே இருக்கும் செம்பு தெரிந்தது. நகக்கண் அளவுதான். அந்த நகக்கண்தான் கம்பி வழியாக இரும்பைத் தொட்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றிருக்கிறது.

கம்பிக்குள்ளே மஞ்சள் துணியில் பொதிந்து ஏதோ இருந்தது. பிரித்தார். உள்ளே கட்டங்களும் எழுத்துகளும் கீறிய ஒரு செப்புத் தகடு.

"இது மிலிட்டரிக்காரன் கட்டினது இல்லம்மா" என்று மெல்லச் சொன்னார் ஷரஃபுதீன்.

யார் கட்டியது என்று அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த மஞ்சள் துணி அவர்கள் கடைத் துணி.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த சொர்ணத்தம்மாள், கொல்லைப்புறத்தில் மூன்று பேரும் பேசாமல் நிற்பதைப் பார்த்தாள். அப்புறம் ஷரஃபுதீனின் உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்தாள்.

அவள் மறைக்கவில்லை. வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள், ஊரிலிருந்து சாஸ்தா கோயில் பூசாரியிடம் சொல்லி வரவழைத்த தகடு அது. விடிவதற்கு முன்னால் யாரும் பார்க்காமல் கட்டியிருக்கிறாள். கட்டினவர் வாய் திறந்து சொன்னால் பலிக்காது என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. நூல் கயிறு மழையில் இற்றுப்போகும் என்று, கடை விளக்குக்கு வாங்கி மிஞ்சிய கம்பியைப் போட்டு முறுக்கியிருக்கிறாள். பிள்ளைக்கு எதிலும் குறை வைக்காதவள் இதிலும் வைக்கவில்லை.

"கயித்துல கட்டியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது பெரியம்மா" என்றார் ஷரஃபுதீன். குற்றம் சொல்லும் குரலில் இல்லை. பிறகு, வயருக்கு டேப் சுற்றவேண்டும் என்று சொல்லிக்கொண்டு வண்டிக்கு அந்தப் பக்கம் போய்க் குனிந்துகொண்டார்.

எல்லாம் முடிந்தது என்றுதான் சுந்தரவல்லி நினைத்தாள். காரணம் தெரிந்துவிட்டது, இனிச் சகுனத்துக்கு ஏது இடம்? அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சொர்ணத்தம்மாள் தகட்டைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அப்ப வண்டி தானா நிக்கல. நான் கட்டுன தகடுதான் நிறுத்தியிருக்கு. சாஸ்தாவே கையை வச்சுத் தடுத்திருக்காருட்டி. இதுக்கு மேல என்ன வேணும்? கபாலி மூணு மணிக்கே போகட்டும்."

சுந்தரவல்லிக்குத் தலை சுற்றியது. காலையிலிருந்து நூல் பிடித்து நூல் பிடித்து அவள் கண்டுபிடித்த காரணத்தை, அம்மா ஒரே நிமிஷத்தில் சகுனத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டாள். கோபம் வந்தது. கத்தலாம் என்றுகூட இருந்தது. ஆனால் கோபத்தைவிட அவளிடம் பெரியதாக இருந்தது அந்தப் பழைய பழக்கம்தான். ஒன்று தெரியவேண்டியிருந்தது. கேட்டாள்.

"என்ன வேண்டிக்கிட்டும்மா கட்டுன?"

சொர்ணத்தம்மாள் மகளின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் வேறு பக்கம் பார்த்தாள்.

"எங்க வேணாலும் போகட்டும். பிள்ளையை வீட்டுல திருப்பிக் கொண்டாந்து சேத்துரணும்னு வேண்டுனேன். வேற என்ன வேண்டுவேன்."

அவள் யாரை நினைத்து அப்படி வேண்டினாள் என்பது சுந்தரவல்லிக்குப் புரிந்தது. ஐந்து வருஷமாக அந்த வீட்டில் யாரும் வாயில் எடுக்காத பேச்சு, இப்போது இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றது. அம்மாவைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்போல் இருந்தது. ஆனால் மணி இரண்டரை ஆகியிருந்தது.

"அவுக கப்பலேறுன அன்னைக்குச் சகுனம் எப்படிம்மா இருந்துச்சு?"

சொர்ணத்தம்மாள் தகட்டை மறுபடி மஞ்சள் துணியில் சுற்றத் தொடங்கினாள்.

"சொல்லும்மா. நீதான வாசல்ல நின்னு பாத்த."

"நல்லாத்தான் இருந்துச்சு." குரல் உடைந்தது. "நிறைகுடம் எதிர்ல வந்துச்சு. கருடன் வட்டம் போட்டுச்சு. கோயில் மணி கேட்டுச்சு. ஒரு குறை இல்ல. நானே சிரிச்சுக்கிட்டே அனுப்புனேன்."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து அழுதாள். சுந்தரவல்லியும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். பொன்ராஜ் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். வண்டிக்கு அந்தப் பக்கம் ஷரஃபுதீன், ஒரு நகக்கண் இடத்துக்கு ஒரு சுருள் டேப்பையும் சுற்றிக்கொண்டிருந்தார்.

அழுது முடித்துச் சொர்ணத்தம்மாள் முகத்தைக் கழுவினாள். மறுபடி பழைய சொர்ணத்தம்மாளாக எழுந்து வந்தாள். தகட்டைக் கொண்டுபோய்ப் பூஜை மாடத்தில் வைத்தாள். கபாலி போகவேண்டாம் என்றாள். அதற்காகச் சரி என்று அர்த்தமில்லை என்றும் சொன்னாள்.

"நீயும் அவன் கூடப் போ வல்லி. அந்த முனையில நிக்காமத் திரும்புதான்னு உன் கண்ணால பாரு. நின்னுச்சுன்னா அதோட விட்டுரணும். அதுக்கப்புறம் வயரு கியருன்னு என்கிட்ட ஒரு பேச்சு வரப்படாது."

மூன்றரை மணிக்கு, தியாகராய நகர் இதுவரை பார்க்காத காட்சி ஒன்றைப் பார்த்தது. ராணுவத்தார் மூட்டை கட்டிய பின்சட்டத்தில் ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு, ஜவுளிக்கடை சொர்ணத்தம்மாளின் மகள் பக்கவாட்டில் உட்கார்ந்து தம்பியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனாள். பனகல் பார்க் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் மூன்று பேர் எழுந்து நின்று பார்த்தார்கள். முதல் ஒரு மைல் அவள் கண்ணைத் திறக்கவில்லை. அடுத்த ஒரு மைல் மூடவில்லை. லஸ்ஸில் டிராம் தண்டவாளத்தின் மேல் வண்டி குதித்தபோது, டிராம் ஏன் அப்படிக் குதிப்பதில்லை என்று தம்பியின் காதில் கத்திக் கேட்டாள். அவன் பதில் சொல்லும் நிலையில் இல்லை. அவன் முதுகு வேட்டி உலர்த்தும் கம்பி மாதிரி விறைத்திருந்தது.

குளக்கரை தாண்டியது. தெரு குறுகியது. விளக்குக் கம்பம் தெரிந்தது, அதை ஒட்டி அடிபம்பு தெரிந்தது. பம்படியில் குடத்தோடு நின்ற இரண்டு பெண்கள் இந்த வண்டியை அடையாளம் கண்டு, இதோ நிற்கப் போகிறது என்று வேடிக்கை பார்க்கத் தயாரானார்கள்.

பொன்ராஜ் வேகத்தைக் குறைத்தான். இடது பக்கம் ஒடித்தான். பாதி, முக்கால். சுந்தரவல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கடைசி இடி.

டுப்டுப், டுப்டுப் என்று வண்டி கம்பத்தைச் சுற்றிச் சந்துக்குள் நுழைந்தது.

இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அனுபவித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. பம்படிப் பெண்களைப் பார்த்து, பழக்கமே இல்லாதவள், கையை ஆட்டினாள். அவர்களும் ஆட்டினார்கள்.

சீதாவின் வீட்டு வாசலில் வண்டி நின்றது, இந்தத் தரம் பொன்ராஜ் நிறுத்தியதால். அப்பா நூல் கடையிலிருந்து இன்னும் வரவில்லை. சத்தம் கேட்டு வந்து கதவைத் திறந்தவள் சீதாதான். நிதானமாக வண்டியைப் பார்த்தாள், பின்னால் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். வாங்கண்ணி என்று சுந்தரவல்லியைக் கூப்பிட்டாள். பொன்ராஜைக் கூப்பிடவில்லை.

சுந்தரவல்லி வாசற்படியிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மேக்னெட்டோ, பட்டன், வயர், செப்புக் கம்பி, அம்மாவின் தகடு, ஒன்று விடவில்லை. சீதா குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டுவிட்டு, வலப்பக்கம் திருப்பினால் வயர் இழுபடாதா என்று கேட்டாள். வயர் வலப்பக்கமாக ஏறுவதால் வலப்பக்கம் திருப்பும்போது தொய்ந்துவிடும் என்று சுந்தரவல்லி சொன்னாள். அந்த பல்பை வைத்துப் பார்ப்பதைத் தானும் ஒரு நாள் பார்க்கவேண்டும் என்றாள் சீதா. இவள் நம்ம வீட்டுக்கு வந்தே தீரவேண்டும் என்று அந்த நிமிஷம் சுந்தரவல்லி முடிவு செய்துவிட்டாள்.

"இப்பப் புரியுது அண்ணி. வண்டி ஏன் நின்னுச்சுன்னு புரிஞ்சிடுச்சு. இன்னொண்ணுதான் எனக்குப் புரியல."

"என்னது, கேளு."

"உங்ககிட்ட இல்ல." சீதா முதல் தடவையாகப் பொன்ராஜின் பக்கம் திரும்பினாள். "மூணு வாரமும் இலையைப் போட்டுட்டு, மாடியில நின்னு கேட்டுக்கினு இருந்தேன். சத்தம் வரும். அந்த முனையில நிக்கும். அப்புறம் கிளம்பித் திரும்பிப் போயிடும். அங்கேருந்து எங்க வாசலுக்கு எவ்வளவு தூரம்னு நேத்து நடந்து பார்த்தேன். நாப்பத்திரண்டு எட்டு வச்சேன், வாசல் வந்துடுச்சு."

பொன்ராஜ் தலையை நிமிர்த்தினான்.

"வண்டிதானே நின்னுச்சு. நீங்க ஏன் நடந்து வரல?"

பொன்ராஜ் அக்காவைப் பார்த்தான்.

சுந்தரவல்லி அவனுக்கு உதவிக்கு வரவில்லை. காலையிலிருந்து வண்டியிடமும் வயரிடமும் சாமியிடமும் ஆயிரம் கேள்வி கேட்டவள், இந்த ஒன்றைக் கேட்கவில்லை. அம்மா கேட்கவில்லை. அந்த வீட்டில் யாருக்குமே கேட்கத் தோன்றவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவளும் தம்பியின் முகத்தைப் பார்த்தபடி, சீதாவைப் போலவே, பதிலுக்காகக் காத்திருந்தாள்.